சொல்லைச் சிறையிட்டவர்கள்

(காரைக்காலில் தமிழன்பர்களின் திங்கட் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



‘சிறை’ என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. பறவையின் இறகுக்கும் சிறை என்று பெயர். காவலுக்கும் சிறை என்று பெயர். ஆற்று நீரைத் தடுத்து நிறுத்தும் கல்லணையைத் தொல்காப்பியம் கற்சிறை என்னும். பறப்பதற்குரிய உறுப்பையும், பறக்கவொட்டாமல் தடுக்கும் கூட்டையும் ஒரே சொல்லால் குறித்த மொழி நம் மொழி. அணை நீரைத் தடுப்பது வயலுக்கு நீரைத் திருப்புவதற்கே. அவ்வாறே, மாந்தனைச் சிறையில் தடுத்து வைப்பதும் அவனை நல்வழியில் திருப்புவதற்காக இருத்தல் வேண்டும். தேங்கி நாறிச் சாகட்டும் என்று அடைத்து வைப்பது சிறையாகாது, அது புதைகுழி.

இவ்வுண்மையை உணர்த்தும் இரு பழைய நிகழ்ச்சிகள் காரைக்காலுக்கு அணித்தேயுள்ள இரண்டு ஊர்களைச் சார்ந்தவை. ஒன்று குடவாயில். சோழன் செங்கணானொடு பொருது தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் வைக்கப்பட்டான். நீர் வேட்கையால் தண்ணீர் கேட்டான். காவலர் உடனே கொடாது, இழித்துரைத்துக் காலந்தாழ்த்திக் கொடுத்தனர். அந்நீரை அவன் பருகவில்லை, உயிர் நீத்தான். புறநானூற்றின் 74ஆம் பாடல் அவன் பாடியது. அரசனைக் கொன்றது நாவறட்சியன்று. தன்னை மாந்தனாக மதியாத அந்தக் காலத்தாழ்ச்சியே ஆகும்.

மற்றோரூர் பூம்புகார். மணிமேகலைக் காப்பியத்தில் அரசமாதேவி, மணிமேகலை மேற் கொண்ட சினத்தால், நோயுற்றாள் என்று பொய்சொல்லி அவளைப் புழுக்கறையில் அடைக்கிறாள். காற்றில்லாத அறை, உணவில்லை, துணையில்லை. தனிச்சிறைக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் எதுவெனத் தேடுவார்க்குப் புழுக்கறை என்பதே விடை. ஆனால் அதே காப்பியத்தில், அதே மணிமேகலை, பசித்த சிறையாளர்க்கெல்லாம் சோறளித்து, வேண்டுவது யாதெனக் கேட்ட அரசனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கித் தருக என்று வேண்டிப் பெறுகிறாள். சிறையைத் திருத்துவது பற்றி உலகம் பேசத் தொடங்கியது பதினெட்டாம் நூற்றாண்டில் என்பர். புகார்க் கடற்கரையில் அப்பேச்சு அதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது.

வெள்ளைக்காரன் கண்ட புழுக்கறை

தனிச்சிறையை ஒரு கொள்கையாகவே வகுத்தவர் மேனாட்டார். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1829இல் ஒரு சிறை திறக்கப்பட்டது. குற்றவாளியை எவரொடும் பேசவிடாமல், எவர் முகத்தையும் காணவிடாமல் தனியறையில் வைத்தால், அவன் தன் தீவினையை நினைந்து நினைந்து உருகித் திருந்துவான் என்பது அதனை அமைத்தோர் எண்ணம். அவ்வெண்ணத்தில் அருளும் இருந்தது, அறியாமையும் இருந்தது.

அம்முறையை ஆங்கிலவரசு தன் நாட்டிற்குக் கொணர்ந்து, இலண்டனில் 1842இல் பெண்டன்வில் சிறையைத் திறந்தது. விக்டோரியா அரசியின் ஆட்சி தொடங்கி அப்பொழுது ஐந்தாண்டு. அதில் 520 தனியறைகள். ஒவ்வோர் அறையும் 13 அடி நீளம், 7 அடி அகலம், 9 அடி உயரம். அறைக்குள்ளேயே உணவு, அறைக்குள்ளேயே வேலை, அறைக்குள்ளேயே உறக்கம். நடைபயிற்சிக்கு வெளியே வரும்பொழுது முகத்தை மறைக்கும் துணியணிந்தே வரவேண்டும். வழிபாட்டுக் கூடத்திலும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனித் தடுப்பு. இறைவனைப் பாடுங்கால் மட்டுமே வாய் திறக்கலாம். பெயர் இல்லை, எண் மட்டுமே உண்டு.

முதலில் 18 திங்கள் இவ்வாறு வைத்துப் பார்த்தனர். சிறையாளர் பலர்க்குப் பித்துப் பிடித்தது. அதனால் அக்காலம் 12 திங்களாகவும், பின்னர் 9 திங்களாகவும் குறைக்கப்பட்டது. திருத்தும் மருந்து என்று கொடுத்ததை நஞ்சென்று கண்டபின், அளவைக் குறைத்துக் கொடுத்தனரேயன்றி நிறுத்தினாரல்லர். பிலடெல்பியாச் சிறையை 1842இல் நேரிற் கண்ட ஆங்கில எழுத்தாளர் சார்லசு திக்கன்சு, உடலை வருத்தும் எக்கொடுமையினும் மூளையொடு விளையாடும் இக்கொடுமை பெரிது என்னும் கருத்தை வெளிப்படையாகவே எழுதினார். அவர் சொல் அரசின் செவியில் ஏறவில்லை.

பிறகு திருத்தும் எண்ணமும் தேய்ந்து, அச்சுறுத்தும் எண்ணமே மிஞ்சியது. 1865ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் கடிய உழைப்பு, கடிய உணவு, கடிய படுக்கை என்பதை நெறியாக்கியது. படிகள் பொருத்திய பெரிய உருளையைக் காலால் மிதித்து மிதித்துச் சுழற்ற வேண்டும். ஏறுவார், ஏறிக்கொண்டே இருப்பார், ஓரடியும் மேலே போகார். தனியறையில் இருப்பவர்க்கு மணல் நிறைந்த பெட்டியொன்றின் கைப்பிடியைச் சுற்றும் வேலை. நாளொன்றுக்குப் பத்தாயிரம் சுற்று. சுற்றினால் ஏதேனும் அரையுமா? அரையாது. நீர் இறையுமா? இறையாது. உழைப்பு வீண் என்று உழைப்பவனே உணர்தல் வேண்டும் என்பதற்காகவே அமைக்கப்பட்ட வேலை அது. ஆசுக்கர் ஒயில்டு என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் 1895 முதல் 1897 வரை இச்சிறைகளில் கிடந்து நலிந்து, வெளிவந்து எழுதியபின் பலருடைய கண் திறந்தது. மிதியுருளையும் கைச்சுற்றும் 1898ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்நாட்டில் ஒழிந்தன.

கடல் கடந்த கொடுமை

தன் நாட்டில் தோற்ற முறையை அடிமை நாட்டில் நிலைநாட்டுவது ஆள்வோர் வழக்கம். மெக்காலே என்பாரை நாமெல்லாம் ஆங்கிலக் கல்வியைப் புகுத்தியவராகவே அறிவோம். சிறையொழுங்கு பற்றி 1838இல் அறிக்கையளித்த குழுவிலும், இந்தியத் தண்டச் சட்டத்தின் முதல் வரைவிலும் அவர் கையே முன்னின்றது. பள்ளிக்கூடமும் சிறைக்கூடமும் ஒரே கையால் வரையப்பட்டன.

அத்தண்டச் சட்டம் 1860இல் நிறைவேறியது. அதன் 73ஆம் பிரிவு தனிச்சிறையைக் கடுங்காவலின் உறுப்பாக்கியது. ஆறு திங்களுக்கு மேற்படாத ஒறுப்பாயின் ஒரு திங்கள் வரை. ஓராண்டுக்கு மேற்படாதாயின் இரு திங்கள் வரை. அதற்கும் மேற்பட்டதாயின் மூன்று திங்கள் வரை தனிச்சிறை விதிக்கலாம். அடுத்த பிரிவு, ஒரே தொடராக 14 நாளுக்கு மேல் ஆகாது என்று வரம்பிட்டது. 14 நாளுக்கு மேல் தனித்திருந்தால் அறிவு கலங்கும் என்பது சட்டம் எழுதியவர்க்கே தெரிந்திருந்தது என்பதற்கு அவ்வரம்பே சான்று.

இக்கொள்கை கல்லும் செங்கல்லுமாக எழுந்து நின்ற இடம் அந்தமான். 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அச்சிறைக்கு ஏழு கைகள், மூன்று மாடிகள், ஏறத்தாழ 700 தனியறைகள். ஒரு கையின் முகப்பு மற்றொரு கையின் முதுகை நோக்கியிருக்கும். அறைக்குள் இருப்பவன் கம்பி வழியே நோக்கினால் எதிரே சுவர்தான் தெரியும். மற்றொரு மாந்தன் முகம் தெரியாது. அங்கே மணற்பெட்டி இல்லை, செக்கு இருந்தது. நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காயெண்ணெய் ஆட்டித் தரவேண்டும். இலண்டன் சிறையாளன் காற்றை அரைத்தான். அடிமை நாட்டுச் சிறையாளனோ ஆள்வோர்க்கு எண்ணெயும் ஆட்டிக் கொடுத்துத் தானும் அரைபட்டான். வேறுபாடு அவ்வளவே.

பிரஞ்சு ஆட்சி இதனினும் மேலானதா?

காரைக்காலில் இருந்துகொண்டு ஆங்கிலவனை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையாகாது. இம்மண் 1739 முதல் பிரஞ்சியர் கைப்பட்டிருந்தது. நண்டலாற்றுக்கு வடக்கே ஒரு சட்டம், தெற்கே ஒரு சட்டம் என்று தமிழினம் கூறுபோடப்பட்டிருந்த காலம் அது. ஆங்கிலவன் துரத்திய பாரதியார்க்கும் வ.வே.சு. ஐயர்க்கும் புதுவை புகலிடம் தந்தது உண்மை. அதை மறத்தல் நன்றியன்று. ஆயினும் பிரஞ்சு ஆட்சியின் சிறைகளை அறிந்தோர் அதனை அருளாட்சி என்று சொல்லார்.

பிரஞ்சு நாடும் 1875இல் குறுஞ்சிறைகளுக்குத் தனியறை முறையைச் சட்டமாக்கியது. தென்னமெரிக்காவில் உள்ள கயானாவுக்கு 1852 முதல் குற்றவாளிகளைக் கப்பலேற்றியது. அங்கே புனித யோசேப்புத் தீவில் கூரைக்கு மாறாகக் கம்பியிட்ட தனியறைகள் இருந்தன. காவலர் தலைக்கு மேலே நடந்து கீழே நோக்குவர். கீழே இருப்பவன் வாய் திறத்தல் குற்றம். அதற்கு அணித்தேயுள்ள பேய்த்தீவில் ஆல்பிரெடு திரைபசு என்னும் படைத்தலைவர், செய்யாத குற்றத்திற்காக 1895 முதல் 1899 வரை வைக்கப்பட்டார். காவலர் எவரும் அவரொடு பேசக்கூடாது என்பது ஆணை. நான்காண்டின் பின் மறுவழக்கிற்குக் கொணரப்பட்டபொழுது அவர் வாயிலிருந்து சொற்கள் எளிதில் வெளிவரவில்லை. கற்றவர், படைத்தலைவர், தம் தாய்மொழியிலேயே தடுமாறி நின்றார்.

பெருமக்களே! இங்கேதான் தனிச்சிறையின் உட்பொருள் விளங்குகிறது. மொழி என்பது ஒருவன் நெஞ்சில் மட்டும் வாழும் பொருளன்று, இருவர்க்கிடையே வாழ்வது. கேட்பார் இல்லாத சொல் நீரில்லா நாற்றுப்போல் வாடும். சொல் வாடினால் எண்ணம் வாடும். எண்ணம் வாடினால் மாந்தன் இல்லை. தனிச்சிறை முதலில் சிறையிடுவது சொல்லைத்தான்.

செக்கிழுத்த செம்மல்

இம்முறை தமிழ்நாட்டில் எவர்மேல் பாய்ந்தது என்பதற்கு ஒரு பெயர் போதும்: வ.உ. சிதம்பரனார். 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கழகம் கண்டு ஆங்கிலவன் கடலில் தமிழன் கப்பலை ஓட்டியவர். 1908 மார்ச்சு 12இல் தளையிடப்பட்டார். சூலை 7இல் நடுவர் பின்னே அவர்க்கு இரட்டை வாழ்நாள் நாடுகடத்தல் விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது; ஆயினும் 1910 வரை கோவைச் சிறையும், பின்பு கண்ணனூர்ச் சிறையுமாக 1912 திசம்பர் வரை அவர் வாட நேர்ந்தது.

கோவையில் முதலில் சணல் கிழிக்கும் பொறியைச் சுற்றக் கொடுத்தனர். உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. அதன்பின் செக்கு. மாடு இழுக்கும் செக்கை வழக்கறிஞர் சிதம்பரனார் வெயிலில் இழுத்தார். செக்கு நம் ஊர்ப்பொருள். எள்ளும் தேங்காயும் ஆட்டி ஊரார்க்கு உணவாக்கும் அறத்தொழிற் கருவி. ஒரு தமிழனை ஒறுக்கத் தமிழனின் தொழிற்கருவியையே கொலைக்கருவியாக்கிய சூழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். அவரொடு ஒறுக்கப்பட்ட சுப்பிரமணிய சிவா சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளானார். வெளிவந்தபின், நோயைக் காட்டித் தொடர்வண்டியில் ஏறவும் அவரைத் தடுத்தனர். ஊர் ஊராகக் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் சென்று பேசினார், 1925இல் மறைந்தார். சிறை விட்டபின்னும் தொடர்ந்த தனிச்சிறை அது.

சிதம்பரனார் மூளை கலங்கினாரா? இல்லை. கரணியம் என்ன? அவர் சொல்லைக் கைவிடவில்லை. கண்ணனூரில் உடனிருந்த சிறையாளர்க்குத் தமிழ் நூல்களைக் கற்பித்தார். மக்கள் ஒழுகவேண்டிய முறைகளைத் தொகுத்து மெய்யறம் என்னும் நூலை யாத்தார். 125 அதிகாரம், அதிகாரத்துக்குப் பத்து அடி. சேம்சு ஆலன் என்னும் ஆங்கில எழுத்தாளர் நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று பெயர்த்தார். வெளிவந்து வறுமையில் உழன்ற நாளிலும் தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டார். ஆங்கிலவரசு அவர் கப்பலைப் பறித்தது. வழக்கறிஞர் தொழிலைப் பறித்தது. தமிழைப் பறிக்க அதனால் இயலவில்லை. பெண்டன்வில்லின் தனியறைக் கொள்கையை வென்றது கண்ணனூர்ச் சிறைக்குள் நடந்த ஒரு திண்ணைப்பள்ளி!

மொழிக்காகச் சிறை

வெள்ளைக்காரன் கட்டிய சிறைக்குள் நம்மவர் ஆட்சியே தமிழரை அடைத்த காலமும் வந்தது. 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்தோர் நூற்றுக்கணக்கில் சிறை சென்றனர். பெரியார் பெல்லாரிச் சிறை வரை கொண்டு செல்லப்பட்டார். சென்னை இளைஞர் நடராசன் சிறையில் நோயுற்றார். பொறுத்தருள வேண்டி எழுதிக் கொடுத்தால் விடுதலை என்றனர். எழுதிக்கொடேன் என்றார். 1939 சனவரி 15இல் உயிர் துறந்தார். குடவாயிற் கோட்டத்துச் சேரமானும் சென்னைச் சிறையின் நடராசனும் ஒரே குருதி! இரு திங்கள் செல்லுமுன் மார்ச்சில், குடந்தையைச் சேர்ந்த தாளமுத்துவும் சிறையாளராகவே இறந்தார். நம் காவிரிப்படுகை ஈந்த உயிர் அது.

1965இல் மொழிப்போரின்பொழுது பாவலரேறு பெருஞ்சித்திரனார் வேலூர்ச் சிறையில் இருந்துகொண்டே ‘ஐயை’ப் பாவியத்தை எழுதினார். சிதம்பரனார் காட்டிய வழி அற்றுப் போகவில்லை.

இன்றும் சாகாத பிரிவு

இவையெல்லாம் பழங்கதை, விக்டோரியாவும் போனாள், வெள்ளைக்காரனும் போனான் என்று எவரேனும் கருதினால், அவர் சட்டநூலைத் திறந்து பார்க்கவில்லை என்று பொருள். 1978இல் சுனில் பத்திரா வழக்கில், தூக்கு விதிக்கப்பட்டவர் என்னும் ஒன்றையே காட்டி ஒருவரைத் தனிச்சிறையில் இடச் சிறைச்சட்டம் இடந்தரவில்லை என்று உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. வி.ஆர். கிருட்டிணையர் அவ்வழக்கில் எழுதிய உரை மாந்த நேயத்தின் ஆவணம். 2015இல் ஒன்றிய நாடுகள் அவை நெல்சன் மண்டேலாவின் பெயரால் நெறிமுறைகள் வகுத்து, 15 நாளுக்கு மேற்பட்ட தனிச்சிறை ஆகாது என்று விலக்கியது. மண்டேலா 27 ஆண்டு சிறையில் இருந்தவர். அதன் கொடுமையை அறிந்தவர்.

பின் நடந்தது என்ன? 2023இல் தில்லி வெள்ளையர் சட்டத்தை நீக்கி அடிமைத்தளையை அறுத்துவிட்டதாகப் பறைசாற்றிக்கொண்டு, பாரதிய நியாய சங்கிதா என்னும் புதுச்சட்டம் கொணர்ந்தது. 2024 சூலை முதல் நாளிலிருந்து அது செயற்படுகிறது. அதன் 11ஆம் பிரிவும் 12ஆம் பிரிவும் எவை தெரியுமா? 1860ஆம் ஆண்டின் அதே தனிச்சிறை! அதே ஒரு திங்கள், இரு திங்கள், மூன்று திங்கள். அதே 14 நாள் வரம்பு! மாறியது பெயர் மட்டுமே. ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டு, தமிழன் வாயில் நுழையாத வடமொழிப் பெயரைச் சூட்டியிருக்கின்றனர். வெள்ளையன் கொடுமையை வைத்துக்கொண்டு, நம் மொழிக்கு மட்டும் ஒரு புதுக்கொடுமை சேர்த்திருக்கின்றனர்.

தூக்குக் கொட்டடி என்பது என்ன என்பதைத் தமிழ்நாடு பேரறிவாளனிடமிருந்து அறிந்தது. 1991 சூனில் 19ஆம் அகவையில் தளையிடப்பட்டார். 1998இல் தூக்கு விதிக்கப்பட்டது. அது வாழ்நாட் சிறையாகக் குறைந்தது 2014இல். விடுதலை 2022 மே 18இல். இடையே சென்றவை முப்பது ஆண்டுகளுக்கு மேல். தூக்குக் கொட்டடியிலிருந்து அவர் எழுதிய முறையீட்டு மடல் நூலாயிற்று. வெளியே அவர்தம் தாயார் அற்புதம் அம்மாள் ஊர் ஊராக அம்முறையீட்டைச் சுமந்தார். மகன் எழுதினான், தாய் பேசினாள், நாடு கேட்டது. கேட்பார் இருந்ததனால் அச்சொல் வாடவில்லை.

செய்ய வேண்டுவன

உணர்ச்சியொடு கலைந்து போவதற்காக இக்கூட்டம் கூடவில்லை. செய்யத்தக்கவை மூன்று.

முதலாவது, 11, 12ஆம் பிரிவுகளை நீக்குமாறு கேட்டல். குற்றம் செய்தவனை ஒறுக்க வேண்டா என்பது இதன் பொருளன்று. களை களையப்படவேண்டும் என்பதை வள்ளுவரும் உடன்பட்டார். ஆனால் ஓச்சுவது கடிதாகவும் எறிவது மெல்லிதாகவும் இருக்க வேண்டும் என்னும் வெருவந்த செய்யாமையும் அவர் வகுத்ததே. மூளையைக் கலக்கும் ஒறுப்பு அவ்வறத்தில் அடங்காது.

இரண்டாவது, சிறைக்கு வரும் ஒவ்வொருவர்க்கும் அவருடைய உரிமைகளும் கடமைகளும் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கப்படல் வேண்டும். எழுத்தறியாதவர்க்குத் தமிழில் படித்துச் சொல்லப்படல் வேண்டும்.

மூன்றாவது, முறைமன்றத்தில் தமிழ். பிரஞ்சு ஆட்சியில் காரைக்கால் உழவன் தன் வழக்கைத் தானே கேட்டு அறிய முடியாது. மொழிபெயர்ப்பவன் வாயைப் பார்த்து நிற்பான். 1954இல் பிரஞ்சியர் போயினர். பிரஞ்சு மொழியின் இருக்கையில் ஆங்கிலம் அமர்ந்தது. உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. நூறு பேர் நிறைந்த மன்றத்தில், தன் உயிரைப் பற்றியே பேசுகிறார்கள் என்பது விளங்காமல், கூண்டில் நிற்கும் தமிழனை எண்ணிப் பாருங்கள். அவனைச் சுற்றிச் சுவரில்லை, கதவில்லை, ஆனால் அவன் நிற்பது தனிச்சிறையில்தான். அவன் சொல் பிறர்க்கு எட்டாது. பிறர் சொல் அவனுக்கு எட்டாது.

சிறையைக் கட்டியவர்களைச் சிதம்பரனார் தமிழால் வென்றார். ஊர்தோறும், வீடுதோறும் அவர் தொடங்கிய கண்ணனூர்ப் பள்ளியை நடத்துவோம். வழக்காடுவோர் தமிழில் வழக்காடட்டும். முறையிடுவோர் தமிழில் முறையிடட்டும். அதற்குத் தடையாக நிற்கும் ஒவ்வொரு மதிலும் இடியட்டும்.

புகாரில் ஒரு பெண் கேட்டாள், சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. இத்தனை பேர் கேட்டால் ஆகாதா?

வாழ்க தமிழ்! வெல்க தமிழினம்!